பூட்டை இழுத்துப் பார்த்தல்

வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூருக்குக் கிளம்பும்போது நாம் எல்லோரும் செய்யும் காரியம் ஒன்று உண்டு. சாவியைத் திருப்பி எடுத்த பிறகு பூட்டை ஒருமுறை பிடித்து இழுத்துப் பார்ப்போம். நான்கு படி இறங்கிய பின் ஐயம் வந்து, திரும்ப ஏறி, இன்னொரு முறையும் இழுத்துப் பார்ப்பவர்கள் உண்டு. அந்த இழுப்பு நமக்கு நிம்மதி தருகிறது. ஆனால் அது எதைச் சோதிக்கிறது என்று சற்றே யோசித்தால் நிம்மதி குறைந்துவிடும். பூட்டு பூட்டியிருக்கிறதா என்பதை மட்டுமே அது சொல்கிறது. சாவி இல்லாத ஒருவர் அதைத் திறக்க முடியுமா என்ற கேள்விக்கு அதில் விடையில்லை. திருட வருபவன் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதில்லை.

இரண்டாவது கேள்வியை மனிதர்கள் வெளிப்படையாக, சாட்சிகளை அருகில் நிறுத்திக்கொண்டு கேட்டுப் பார்த்த காலம் ஒன்று உண்டு. அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்து. கேட்கப்பட்ட பொருள், இன்றும் நம் கதவுகளிலும் அலமாரிகளிலும் தொங்கிக்கொண்டிருக்கும் லீவர் பூட்டு. இன்று உலகின் பல நகரங்களில், தமக்குச் சொந்தமான பூட்டுகளைச் சாவியின்றித் திறந்து பார்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்ட சிறு குழுக்கள் இருக்கின்றன. சதுரங்கம்போல, குறுக்கெழுத்துப் புதிர்போல, அவர்களுக்கு அது ஒரு விளையாட்டு. அந்த விளையாட்டில் இறங்க விரும்புபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது கம்பியை எப்படி வளைப்பது என்பதையல்ல. அந்தக் கேள்வி எப்படிப் பிறந்தது என்பதைத்தான் என்று நாம் கருதுகிறோம்.

முதலில் பூட்டின் உள்ளே பார்ப்போம். கடையில் வாங்கும் பூட்டின்மீது ‘7 லீவர்’ என்று பொறித்திருப்பதைக் கண்டிருப்போம். எண் கூடக்கூடப் பூட்டு உசத்தி என்பார் கடைக்காரர். பூட்டைப் பிரித்தால் தகடுகள் சில, சீட்டுக்கட்டைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கக் காணலாம். எல்லாத் தகடுகளும் ஒரு முனையில் ஒரே அச்சாணியில் கோக்கப்பட்டு, மறுமுனை மேலும் கீழும் அசையும்படி இருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு மெல்லிய வில் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும். இத்தகடுகளே லீவர்கள். ஒவ்வொரு லீவரின் உடலிலும் ஒரு வெட்டு உண்டு. அந்த வெட்டில் இரண்டு அறைகள்; அறைகளுக்கு நடுவே ஒரு குறுகிய வாயில். பூட்டின் தாழில் ஒரு சிறு முளை நிற்கும். தாழ் நகர வேண்டுமானால், அம்முளை எல்லா லீவர்களின் வாயில்களையும் ஒரே சமயத்தில் கடந்து மறு அறைக்குப் போக வேண்டும். அதற்கு ஒவ்வொரு லீவரும் தனக்கு விதிக்கப்பட்ட உயரத்துக்கு எழும்பி நிற்க வேண்டும். உயரம் சற்றுக் குறைந்தால் முளை இடிக்கும். சற்றுக் கூடினாலும் இடிக்கும். சாவியின் பற்களில் நாம் காணும் ஏற்ற இறக்கங்கள் எல்லாம் இந்த உயரங்களே. சாவி என்பது இரும்பில் எழுதி வைத்த சில அளவுகளின் பட்டியல் என்றே சொல்லிவிடலாம்.

‘கூடினாலும் இடிக்கும்’ என்பது சிறு விஷயமாகத் தோன்றலாம். அதைக் கண்டுபிடிக்கப் பல நூற்றாண்டுகள் ஆயின. அதற்கு முன் ஐரோப்பாவில் பெருவழக்காக இருந்தவை தடுப்புப் பூட்டுகள். சாவி சுழலும் வழியில் அசையாத தகட்டு வளையங்களை நிறுத்தி வைத்திருப்பார்கள். அவற்றுக்கு இடம் கொடுக்கும்படி வெட்டப்பட்ட சாவி மட்டுமே சுற்றும். பார்வைக்கு இது நம்பகமாகத் தெரிந்தாலும், உடம்பையெல்லாம் அராவித் தள்ளி நுனியை மட்டும் மிச்சம் வைத்த ஒரு மெலிந்த சாவி, எல்லாத் தடுப்புகளையும் தொடாமல் சுற்றித் தாழை நகர்த்திவிடும். கள்ளச்சாவி செய்பவர்களுக்கு இது பாலபாடம். தூக்கினால் விடுபடும் ஒற்றைத் தகடு வைத்த பூட்டுகளும் இருந்தன. ஆனால் அத்தகட்டைப் போதிய அளவு தூக்கினால் போதும். எவ்வளவு கூடுதலாகத் தூக்கினாலும் தடையில்லை. 1778ஆம் ஆண்டு ராபர்ட் பாரன் என்ற ஆங்கிலேயர் பெற்ற காப்புரிமை இந்த இடத்தில்தான் வேறுபட்டது. அவருடைய பூட்டின் லீவர்கள் குறைவாகத் தூக்கினாலும் திறக்கா, அதிகமாகத் தூக்கினாலும் திறக்கா. லீவர் பூட்டின் வரலாறு இங்கே தொடங்குகிறது.

அடுத்த அத்தியாயம் ஒரு திருட்டில் தொடங்குகிறது. 1817ஆம் ஆண்டு போர்ட்ஸ்மத் நகரின் கடற்படைக் கப்பல் துறையில் கள்ளச்சாவிகளைக் கொண்டு திருட்டு நடந்தது. தனக்குரிய சாவியைத் தவிர வேறெதனாலும் திறக்க முடியாத பூட்டைச் செய்து தருபவருக்கு 100 பவுண்டு பரிசு என்று பிரிட்டிஷ் அரசு அறிவித்தது. அதே ஊரில் இரும்புச் சாமான் வணிகம் நடத்திவந்த சப் குடும்பத்தைச் சேர்ந்த ஜெரமையா சப், 1818இல் ஒரு பூட்டைக் கொண்டுவந்தார். அடிப்படை பாரனுடையதுதான். லீவர்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. புதுமை வேறோர் இடத்தில் இருந்தது. யாராவது கள்ளச்சாவியாலோ கம்பியாலோ முயன்று ஒரு லீவரை அளவுக்கு மீறித் தூக்கிவிட்டால், ஒரு சிறு வில் அதைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அதன்பின் உரிய சாவியைப் போட்டாலும் பூட்டு திறக்காது. உரிமையாளர் சாவியை நுழைத்த கணமே, தாம் இல்லாத வேளையில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அறிந்துகொள்வார். தொடக்கத்தில் பூட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவரத் தனிச் சாவி வேண்டியிருந்தது. 1824இல் செய்த திருத்தத்திற்குப் பின், உரிய சாவியையே எதிர்ப்புறம் திருப்பினால் போதும் என்றாயிற்று. இதற்கு டிடெக்டர் பூட்டு என்று பெயர். காவலும் காத்து, கோளும் சொல்லும் பூட்டு.

இப்பூட்டின் புகழை வளர்த்ததில் ஒரு கைதியின் கதைக்கும் பங்குண்டு. போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் கைதிகளை அடைத்து வைத்திருந்த பழைய கப்பல் ஒன்றில், பூட்டுத் தொழில் தெரிந்த ஒருவன் இருந்தான். எந்தப் பூட்டையும் திறந்துவிடுவேன் என்று அவன் சொன்னதால், டிடெக்டர் பூட்டையும் தேவையான கருவிகளையும் கொடுத்தார்கள். திறந்துவிட்டால் சப் நிறுவனம் 100 பவுண்டு தரும். அரசு விடுதலையே தரும். இரண்டு மூன்று மாதம் போராடிய பிறகு அவன் தோல்வியை ஒப்புக்கொண்டான். இந்தக் கதையைச் சப் நிறுவனத்தார் பல்லாண்டுகள் சொல்லிவந்தார்கள். விற்பனைக்கு இதைவிடச் சிறந்த சாட்சியம் கிடைக்காது. விடுதலைக்காக முயன்ற ஒருவனாலேயே முடியவில்லை என்றால் வேறு யாரால் முடியும்?

டிடெக்டர் பூட்டுக்கு முன்பே லண்டனில் இன்னொரு பூட்டு இதே பெருமையோடு வீற்றிருந்தது. ஜோசப் பிராமா 1784இல் காப்புரிமை பெற்ற பூட்டு அது. லீவருக்குப் பதிலாக, வட்டமாக நிறுத்திய சிறு நகர்தகடுகளைக் கொண்டது. அவருடைய கடை பிக்காடில்லி தெருவில் 124ஆம் எண்ணில் இருந்தது. 1790 முதல் அக்கடையின் கண்ணாடிச் சன்னலில் ஒரு பூட்டு வைக்கப்பட்டிருந்தது. இதைத் திறக்கும் கருவியைச் செய்பவருக்கு 200 கினி கொடுக்கப்படும் என்று அதனுடன் அறிவிப்பும் இருந்தது. ஒரு கினி 21 ஷில்லிங் என்பதால், பரிசுத் தொகை 210 பவுண்டு ஆகிறது. அப்பூட்டைச் செய்தவர், பின்னாளில் நவீன இயந்திரக் கருவிகளின் முன்னோடியாகப் புகழ்பெற்ற ஹென்றி மாட்ஸ்லே. அறுபது ஆண்டுகள் அப்பரிசை யாரும் வாங்கவில்லை. பிராமா இறந்த பிறகும் பூட்டு அங்கேயே இருந்தது.

இவ்வாறு ஒரு தலைமுறைக்கும் மேலாக, கெட்டிக்காரத்தனத்தால் திறக்கவே முடியாத பூட்டுகள் தம்மிடம் இருக்கின்றன என்ற உறுதியோடு இங்கிலாந்து உறங்கியது. வங்கிகளும் அரசு அலுவலகங்களும் நகைக்கடைகளும் அந்த உறுதியை விலை கொடுத்து வாங்கின. அது பொய்யில் பிறந்த உறுதியன்று. பூட்டுகள் உண்மையிலேயே நேர்த்தியானவை. சவால்களும் உண்மையானவை. ஆனால் ஒரு கைதி தோற்றான் என்பதிலிருந்து எவராலும் முடியாது என்ற முடிவுக்குத் தாவியதில் ஒரு பிழை இருந்தது. இழுத்துப் பார்த்துவிட்டு ஊருக்குக் கிளம்புகிற நம் பிழையின் பெரிய வடிவம் அது.

1851ஆம் ஆண்டு மே மாதம் லண்டன் ஹைட் பூங்காவில், கண்ணாடி மாளிகையில், அனைத்து நாட்டுப் பெருங்கண்காட்சி தொடங்கியது. அமெரிக்க அரங்கில் நியூயார்க்கின் டே அண்ட் நியூவெல் நிறுவனத்தின் பூட்டு ஒன்றும் காட்சிக்கு வந்தது. அதைக் கொண்டுவந்தவர் ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ். 1812இல் பாஸ்டனில் பிறந்தவர். வங்கி மேலாளர்களின் கண்முன்னே அவர்களுடைய பூட்டைத் திறந்து காட்டி, பிறகு தம் நிறுவனத்தின் பூட்டை விற்பது அவருடைய வழக்கம். சப் நிறுவனத்தின் டிடெக்டர் பூட்டைத் தம்மால் திறக்க முடியும் என்று லண்டனில் வந்து சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை.

ஜூலை 22ஆம் நாள், வெஸ்ட்மின்ஸ்டரில் கிரேட் ஜார்ஜ் தெரு 34ஆம் எண் கட்டடத்தில், காகிதங்களைப் பாதுகாக்கக் கட்டிய இரும்பறையின் கதவு சோதனைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதில் ஆறு லீவர் கொண்ட டிடெக்டர் பூட்டு பொருத்தப்பட்டிருந்தது. அது ஒரே சமயத்தில் மூன்று தாழ்களை இயக்குவது. சப் நிறுவனத்துக்கும் அழைப்பு அனுப்பப்பட்டது, அவர்கள் வரவில்லை. வந்தவர்கள் சாட்சிகளாக நின்றார்கள். முற்பகல் 11 மணி 35 நிமிடத்துக்கு ஹாப்ஸ் வேலையைத் தொடங்கினார். 25 நிமிடத்தில் கதவு திறந்தது. கருவிகளாலேயே மீண்டும் பூட்டிக் காட்டும்படி கேட்டார்கள். 7 நிமிடத்தில் அதையும் செய்தார். பூட்டிலும் கதவிலும் ஒரு கீறல்கூட இல்லை என்று சாட்சிகள் எழுதிக் கையொப்பமிட்டார்கள்.

எப்படித் திறந்தார்? இன்று லீவர் பூட்டில் பழகும் ஒவ்வொருவரும் செய்வது அன்று அவர் செய்ததன் தொடர்ச்சிதான் என்பதால், இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஒரு கருவியால் தாழைத் திறக்கும் திசையில் மெல்ல அழுத்திப் பிடித்தால், முளை லீவர்களின் மீது சாயும். எல்லா லீவர்களும் துல்லியமாக ஒரே மாதிரி செய்யப்பட்டிருந்தால் சுமை எல்லாவற்றிலும் சமமாக விழும். ஆனால் மனிதக் கையோ இயந்திரமோ அத்தகைய துல்லியத்தைத் தந்ததில்லை. ஏதேனும் ஒரு லீவர் மற்றவற்றைவிட இம்மியளவு முன்தள்ளி நிற்கும். முளையின் சுமை முழுவதும் அதன்மேல் விழும். இரண்டாவது கருவியால் லீவர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தால், மற்றவை வில்லின் மீது துள்ளும். இது மட்டும் இறுகியிருக்கும். அதை மெல்ல உயர்த்தினால், அதன் வாயில் முளைக்கு நேரே வரும் நொடியில் தாழ் ஒரு மயிரிழை நகரும். உடனே சுமை இன்னொரு லீவருக்கு மாறும். அதைத் தேடி உயர்த்த வேண்டும். இப்படியே கடைசி வரை. பூட்டைத் திறப்பது பூட்டிலுள்ள குறைதான். திறப்பவர் அதைக் கண்டுகொள்கிறார், அவ்வளவே.

டிடெக்டர் என்ன ஆயிற்று? ஹாப்ஸின் கையில் அது வேலை மாறியது. ஒரு லீவரைக் கூடுதலாக உயர்த்தினால் வில் கவ்விக்கொள்ளும் என்றால், அந்தக் கவ்வுதல் உரிமையாளருக்குச் சொல்லும் செய்தி திறப்பவருக்கும் போய்ச் சேரும். இவ்வளவு உயரம் கூடாது, இதற்குக் கீழே தேடு என்பதே அச்செய்தி. பூட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவர எதிர்ப்புறம் திருப்பினால் போதும் என்று உரிமையாளருக்காகச் செய்து வைத்த வசதியும் அவருக்குப் பயன்பட்டது. முப்பத்து மூன்று ஆண்டுகளாகக் காவலனாகக் கருதப்பட்ட உறுப்பு, கேட்பவர் யாராயினும் பதில் சொல்லும் இயல்புடையது என்பது அன்றுதான் தெரிந்தது.

அடுத்து அவர் பிராமாவின் சன்னலுக்குப் போனார். நடுவர்கள் நியமிக்கப்பட்டார்கள். 30 நாள் அவகாசம் தரப்பட்டது. பூட்டு மரச்சட்டத்தில் பொதியப்பட்டு, சாவித்துளை மட்டும் வெளியே தெரிந்தது. பதினாறு நாள்களில் பரவிய 51 மணி நேர உழைப்புக்குப் பின், ஆகஸ்ட் மாத இறுதியில் அப்பூட்டும் திறந்தது. பிராமா நிறுவனத்தார் ஒரு நியாயமான ஆட்சேபத்தை எழுப்பினார்கள். எந்தத் திருடனுக்குப் பதினாறு நாள் இடையூறில்லாத தனிமை கிடைக்கும்? எந்தத் திருடன் தன் கருவிகளை மரச்சட்டத்தில் திருகி நிலைநிறுத்திக்கொண்டு நிதானமாக வேலை செய்வான்? இந்த ஆட்சேபத்தில் உண்மை உண்டு. ஆனால் பூட்டருகே இருந்த வாசகம் திருடனைப் பற்றிப் பேசவில்லை. முடியாது என்றுதான் பேசியது. நடுவர்கள் ஹாப்ஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்கள். 200 கினியும் கைமாறியது. அந்தப் பூட்டு இப்போது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

லண்டன் நாளிதழ்களில் இதைப் பற்றிய விவாதம் மாதக்கணக்கில் நடந்தது. பின்னர் அதற்கு ‘மாபெரும் பூட்டுச் சர்ச்சை’ என்றே பெயர் வந்தது. சர்ச்சையின் ஒரு பகுதி வணிகப் போட்டி. ஹாப்ஸ் துறவியல்லர், அடுத்தவர் பூட்டின் பலவீனத்தைக் காட்டித் தம் பூட்டை விற்க வந்தவர். அச்சத்தை விதைத்து அறுவடை செய்தார் என்று அவரைக் குறை சொன்னால் மறுப்பதற்கில்லை. விரைவிலேயே லண்டனில் சொந்தத் தொழிலும் தொடங்கினார். ஆனால் உண்மை எப்போதும் தன்னலமற்றவர் வாயிலிருந்துதான் வரும் என்பதில்லை. விற்பனையாளர் சொன்னதாலேயே அந்த 25 நிமிடம் பொய்யாகிவிடாது.

சர்ச்சையின் ஆழமான பகுதி இன்னொன்று. இதையெல்லாம் வெளியே சொல்லலாமா? பூட்டின் பலவீனத்தை எழுதி அச்சிட்டால் திருடர்களுக்குப் பாடம் நடத்தியதாகாதா? 1853இல் ஹாப்ஸ் தந்த செய்திகளைக் கொண்டு சார்லஸ் டாம்லின்சன் பதிப்பித்த பூட்டுகள் பற்றிய நூல் இக்கேள்வியை நேராக எதிர்கொண்டது. திருடர்கள் தம் தொழிலில் கருத்தானவர்கள். அவர்களுக்கு இவை முன்பே தெரியும். தெரியாமல் இருப்பவர்கள் பூட்டை நம்பிப் பொருளை வைத்திருக்கும் எளிய மக்களே. ஆகவே மறைப்பதால் பாதிக்கப்படுவது நேர்மையானவர்கள்தாம் என்பது அந்நூலின் வாதம். முப்பது ஆண்டுகள் கழித்து, 1883இல், ஆகுஸ்ட் கெர்க்கோஃப்ஸ் இராணுவ மறைகுறியீடுகளைப் பற்றி எழுதியபோது இதற்கு நெருக்கமான ஒரு முடிவுக்கு வந்தார். ஒரு மறைகுறியீட்டு முறை எதிரியின் கையில் கிடைத்தாலும் கேடு விளையக் கூடாது; காக்கப்பட வேண்டிய இரகசியம் திறவுகோலில் மட்டுமே இருக்க வேண்டும் என்றார் அவர். இன்று நாம் கைபேசியில் பணம் அனுப்பும்போது காவல் நிற்கும் கணிதமும் இந்தக் கொள்கையின் மீதே நிற்கிறது. அதன் வழிமுறை உலகறிய வெளியிடப்பட்டது. சாவி மட்டுமே நம்முடையது.

எனினும் விவாதம் தீர்ந்துவிடவில்லை. 2003இல் அமெரிக்கக் கணினி ஆய்வாளர் மாட் பிளேஸ், ஒரே மாஸ்டர் சாவியால் பல அறைகளைத் திறக்கும் பூட்டு முறையில் இருந்த ஒரு பலவீனத்தைக் கட்டுரையாக வெளியிட்டார். அக்கட்டடத்தின் ஓர் அறைச் சாவியும் சில வெற்றுச் சாவிகளும் கையில் இருந்தால், முழுக் கட்டடத்துக்குமான மாஸ்டர் சாவியை உருவாக்கிவிடலாம் என்று காட்டினார். பூட்டுத் தொழிலாளர்கள் பலர் கொதித்தெழுந்தார்கள். தவறான தகவல் என்பது அவர்கள் புகார் அன்று. தொழிலுக்குள் பலருக்கும் தெரிந்ததை வெளியே சொல்லிவிட்டார் என்பதே புகார். அப்படியானால் அத்தனை ஆண்டுகளும் தெரியாமல் இருந்தவர்கள் யார்? அக்கட்டடங்களில் வாழ்ந்தவர்களும் வேலை செய்தவர்களும்தான்.

ஹாப்ஸின் கதைக்கு ஒரு நீதியான பின்கதையும் உண்டு. 1854இல் சப் நிறுவனத்தின் தொழிலாளி ஒருவர் ஹாப்ஸின் தயாரிப்பான பூட்டொன்றைத் திறந்து காட்டினார். அமெரிக்காவில், ஹாப்ஸ் பெருமையோடு கண்காட்சிக்குக் கொண்டுவந்த அதே வகை டே அண்ட் நியூவெல் பூட்டை, 1850களில் லைனஸ் யேல் திறந்தார். ஒவ்வொரு தோல்வியிலிருந்தும் ஒரு திருத்தம் பிறந்தது. லீவரின் வாயில் விளிம்பிலும் முளையிலும் போலிப் பள்ளங்கள் வெட்டினார்கள். திறப்பவர் இது வாயில் என்று நம்பி நிறுத்தும் இடத்தில் முளை சிக்கிக்கொள்ளும். சாவித்துளைக்குள் சுழலும் திரை ஒன்றை வைத்தார்கள். ஒரு கருவி திரும்பினால் இன்னொன்றுக்கு வழி அடைபடும். இன்று பிரிட்டனில் வீட்டுக் கதவுகளில் பதிக்கப்படும் ஐந்து லீவர் பூட்டுகளுக்கென்று தேசியத் தரநிர்ணயம் இருக்கிறது. காப்பீட்டு நிறுவனங்கள் அதைக் கேட்கின்றன. அந்தத் தரத்தின் பின்னால் ஹாப்ஸின் 25 நிமிடம் இருக்கிறது. அவமானத்தை மறைக்காமல் ஏற்றுக்கொண்டதால்தான் பூட்டு வளர்ந்தது.

இன்றைய பொழுதுபோக்காளர்கள் இந்த மரபின் வாரிசுகள். 1997இல் ஜெர்மனியில் பூட்டு திறப்பதை விளையாட்டாகக் கொண்ட சங்கம் ஒன்று அமைக்கப்பட்டது. பின்னர் நெதர்லாந்தில் ‘டூல்’ என்ற அமைப்பு தோன்றி, பிற நாடுகளுக்கும் பரவியது. போட்டிகள் நடக்கின்றன. பெரும்பாலோர் யேல் வகையான முளைப்பூட்டுகளில்தான் தொடங்குகிறார்கள். லீவர் பூட்டை விரும்புவோர் சிறுபான்மையினர். இவர்கள் எல்லோருக்கும் பொதுவான விதிகள் இரண்டு. உன்னுடையது அல்லாத பூட்டை, உரியவர் அனுமதியின்றித் தொடாதே என்பது முதல் விதி. பயன்பாட்டில் இருக்கும் பூட்டில், அது உன்னுடையதாயினும், பயிலாதே என்பது இரண்டாவது. முதல் விதி அறத்தைக் காக்கிறது. இரண்டாவது நள்ளிரவில் தெருவில் நிற்காமல் காக்கிறது. இத்தகைய கருவிகளை வைத்திருப்பது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும் என்பதால், தொடங்குமுன் அதையும் அறிந்துகொள்ள வேண்டும்.

தொடங்குவது எப்படி என்பதைச் சொந்த அனுபவத்திலிருந்து சுருக்கமாகச் சொல்கிறோம். பழைய இரும்புக் கடையில், சாவி தொலைந்த மேசை இழுப்பறைப் பூட்டு ஒன்றை வாங்கினோம். மூன்று லீவர் கொண்டது. திருகாணிகளைக் கழற்றி மேல்தகட்டை எடுத்தவுடன் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தன. தொடங்குபவர் செய்ய வேண்டிய முதல் வேலை இதுவே: திறப்பதற்கு முன் பிரித்துப் பார்ப்பது. எண்ணெயிட்டுத் துடைத்து, இரண்டு லீவர்களை எடுத்து வைத்துவிட்டு, ஒன்றை மட்டும் விட்டுப் பயில வேண்டும். தாழைத் தள்ளத் தடித்த கம்பி ஒன்று. லீவரை உயர்த்த மெல்லிய கம்பி ஒன்று. இவ்விரண்டையும் ஒன்றனுள் ஒன்றாக அமைத்த கருவிக்கு ஆங்கிலேயர் இன்றும் ஹாப்ஸின் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஒன்றில் கை பழகிய பின் இரண்டாவது லீவரைச் சேர்க்கலாம், பிறகு மூன்றாவதை. கடைசியாகத்தான் மேல்தகட்டை மூட வேண்டும்.

மூடிய பிறகுதான் உண்மையான பாடம் தொடங்கியது. அதுவரை கண்ணால் செய்ததை இனி விரல்நுனியால் செய்ய வேண்டும். தொடக்கத்தில் நாம் செய்த தவறு, எல்லோரும் செய்வதாகச் சொல்லப்படும் தவறே. தாழை வேண்டியதற்கு மேல் அழுத்தினோம். அழுத்தம் மிகுந்தால் எல்லா லீவர்களும் ஒருசேர இறுகிவிடும். எது பேசுகிறது என்றே தெரியாது. இரண்டு மாலைகள் வீணாயின. மூன்றாம் மாலை, அலுத்துப்போய்க் கை தளர்ந்தபோது, நடு லீவர் மட்டும் இறுகியிருப்பது முதன்முறையாக விரலுக்குத் தெரிந்தது. சற்று உயர்த்தினோம். தாழ் ஒரு மயிரிழை நகர்ந்தது. அடுத்த சில நிமிடத்தில் பூட்டு திறந்துவிட்டது.

அந்தக் கணத்தில் வெற்றிக் களிப்பு வந்தது என்று எழுதினால் அது முழு உண்மையாகாது. முதலில் வந்தது களிப்புதான். அதற்கடுத்து, அறையின் மூலையில் இருந்த அலமாரியின் மீது பார்வை போனது. வீட்டுப் பத்திரங்களும், தாயாரின் நகைகள் சிலவும் அதில் இருந்தன. அதன் பூட்டும் இதே இனம்தான். லீவர்கள் சில கூடுதல், அவ்வளவே. நாற்பது ஆண்டுகளாக அந்த அலமாரியைப் பூட்டிவிட்டுக் கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு நிம்மதியாக உறங்கியிருக்கிறோம். 1851ஆம் ஆண்டின் இலண்டன் வணிகர் ஒருவர் நாளிதழைப் படித்துவிட்டுத் தம் பெட்டகத்தைத் திரும்பிப் பார்த்திருந்தால் என்ன உணர்ந்திருப்பார் என்பது அப்போது விளங்கியது. அந்த நூலைப் பதிப்பித்தவர்கள் எதற்காக வாதாடினார்கள் என்பதும் விளங்கியது. அந்த அமைதியின்மை நமக்கு நேர்ந்த இழப்பு என்று தோன்றவில்லை. நாற்பது ஆண்டுகளாகத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று தாமதமாக வந்து சேர்ந்தது என்றே தோன்றியது. மறுவாரம் நகைகள் வங்கிக்குப் போயின.

பூட்டு பயனற்றது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். நல்ல லீவர் பூட்டை நுட்பத்தால் திறக்கும் பொறுமையுள்ள திருடர்கள் அரிது. கடப்பாரையும் திறந்திருக்கும் சன்னலும் அவர்களுக்குப் போதும். பூட்டு தருவது காலம். வருபவனுக்கு ஒரு நிமிடமா, ஒரு மணி நேரமா, பதினாறு நாளா என்பதே பூட்டுக்குப் பூட்டு உள்ள வேறுபாடு. எவ்வளவு காலம் என்று தெரிந்து வாங்குபவர் ஏமாறுவதில்லை. முடிவற்ற காலம் என்று நம்பி வாங்குபவரே ஏமாறுகிறார்.

பூட்டு என்றவுடன் தமிழர் நினைவுக்கு வருவது திண்டுக்கல். கையால் லீவர் வெட்டி, கையால் அராவிப் பூட்டுச் செய்யும் தொழில் அவ்வூரில் தலைமுறைகளாக நடந்துவருகிறது. மாங்காய்ப் பூட்டு அவ்வூரின் அடையாளம். 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இயந்திரத்தில் வார்த்த மலிவுப் பூட்டுகளுக்கு நடுவே அத்தொழில் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும் வேளையில் கிடைத்த மரியாதை அது. ஆனால் ஒரு கைத்தொழிலுக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை இன்னொன்றும் உண்டு. அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது. லீவர் பூட்டைப் பிரித்துத் தெரிந்துகொண்டவருக்குத்தான், வாயிலின் ஓரத்தை ஒரு நூலளவு அதிகமாக அராவாமல் கையை நிறுத்தியவரின் அருமை தெரியும். சாவி இல்லாமல் திறக்க முயன்று, அந்த இம்மி இடைவெளி கிடைக்காமல் தோற்றவர், முகம் தெரியாத அந்தத் தொழிலாளியிடம்தான் தோற்கிறார். அத்தோல்வியில் ஒரு வணக்கமும் கலந்திருக்கிறது.

இப்போதும் வெளியூர் போகும்போது பூட்டை இழுத்துப் பார்க்கத்தான் செய்கிறோம். பழக்கம் விடவில்லை. ஆனால் அந்த இழுப்பு என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்பது இப்போது தெரியும்.